கட்டாத தொண்டை

ரூபனின் இரண்டு கைகளையும் பின்னால் சேர்த்துத் தூணோடு கட்டியிருந்தார்கள். எதிரே நின்ற பூசாரி ஆறுச்சாமி சாட்டையைத் தண்ணீரில் முக்கி உதறினார்.

"யார்றா நீ? எந்த ஊரு?"

"உப்பிலிபாளையமுங்க."

அம்மா சின்னாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன் வீட்டு விலாசத்தையே பேய் சொல்கிறது என்பது அவளுக்குப் பெரிய அதிர்ச்சி.

மணி மூன்று. காந்திபுரத்தில் பெங்களூர் பஸ் ஆறு மணிக்கு. கூட்டாளி அப்துல் வஹீது கிட்டாரோடு அங்கே நிற்பான். மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்டுடியோவில் நான்கு பாட்டுப் பதிவு. நீ வராவிட்டால் பெங்களூர்க்காரன் எவனையாவது பாட வைப்போம் என்று வஹீது சொல்லியிருந்தான். அவன் சொன்னால் செய்கிறவன்.

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு மில்லில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவனுக்கு வாழ்க்கையில் வேறு பஸ் எதுவும் கிடையாது.

அந்த வகைப் பாட்டுக்கு ப்ளாக் மெட்டல் என்று பெயர். நார்வேக்காரர்கள் பாடிய கேசட் ஒன்றை, காப்பிக்குக் காப்பி எடுத்ததை, வஹீதுதான் கொடுத்தான். புதைத்தவன் எழுந்து அலறுவது போன்ற குரல். ஸ்பின்னிங் மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்பதால் ரூபன் எட்டு மாதம் மில்லிலேயே பழகினான். முதல் இரண்டு மாதம் தொண்டையால் கத்தி ரத்தம் துப்பினான். அப்புறம்தான் சூட்சுமம் பிடிபட்டது. குரல்நாணைச் சும்மா விட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ள சதையை இறுக்கி, அடிவயிற்றிலிருந்து மூச்சைத் தள்ள வேண்டும்.

நேற்றுப் பகலில் வீட்டில் யாருமில்லை என்று நினைத்து ஒரு மணி நேரம் பாடியதுதான் தப்பு. அக்கா செவ்வந்தி ஜன்னலில் பார்த்துவிட்டு, தம்பிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று அம்மாவைக் கூட்டிவந்தாள். இன்றைக்கு அவள் வீட்டுக்காரன் மாசாணம், புதிய வேலை விஷயமாக ஒருவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மொபெட்டில் ஏற்றி, அவிநாசிக்குத் தெற்கே தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் இந்தக் கருப்பராயன் கோயிலில் இறக்கினான். அம்மாவும் அக்காவும் பஸ்ஸில் முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள்.

ஆறுச்சாமி சொம்பிலிருந்து இஞ்சித் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார். தகரத்தைத் தரையில் இழுப்பது போன்ற குரலில் சின்னாத்தாளிடம் கேட்டார்.

"ஏனம்மணி, அவ்வளவு நேரம் கத்துன பொறவு தொண்டை கட்டுச்சா?"

"அதானுங்க பயமா இருக்குது. கத்தி முடிச்சுப்போட்டு, காப்பித் தண்ணி குடும்மான்னு கிளியாட்டக் கேக்கறானுங்க. மனுசன் தொண்டைன்னா கிழிஞ்சிருக்கோணுமில்லீங்க?"

ஆறுச்சாமி சொம்பைக் கீழே வைத்தார். பிறகு மூன்று பேரையும் வெளியே போகச் சொன்னார்.

ரூபன் அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. கேசட், மில், பெங்களூர், ஆறு மணி பஸ் எல்லாவற்றையும் மளமளவென்று கொட்டினான். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, இது ஒரு பாட்டு என்றான்.

"பாட்டா? எங்கே, பாடு."

கைகள் கட்டப்பட்டபடியே ரூபன் வயிற்றை இறுக்கி ஓர் அலறல் விட்டான். வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. வெளியே சின்னாத்தாள் ஐயோ சாமி என்று விழுந்தது கேட்டது.

"இன்னொருக்கா."

இந்த முறை ஆறுச்சாமி கிட்டே வந்து அவன் தொண்டையில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம் உள்ளங்கையை வயிற்றில் வைத்தார். தலையை மெதுவாக ஆட்டினார்.

"நெசந்தான். பேய் இல்லை."

ரூபனுக்கு உயிர் வந்தது. இன்றைக்கு அவன் சொன்னதை நம்பிய முதல் ஆள். மாசாணம் மொபெட்டை விரட்டினால் காந்திபுரம் ஒரு மணி நேரம். இப்போது அவிழ்த்தாலும் பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

ஆறுச்சாமி வாசலுக்குப் போனார். அவர் பேசுவது உள்ளே தெளிவாகக் கேட்டது.

"பேய் இல்லீங்க."

சின்னாத்தாள் கும்பிட்டிருக்க வேண்டும், வளையல் சத்தம் கேட்டது.

"பேயா இருந்தா இன்னிக்கே ஓட்டிப்போடுவேன். இது அதைவிடப் பெருசு. கோயில் நோம்பி முடியற வரைக்கும், நாப்பத்தெட்டு நாளு, பையன் இங்கேயே கெடக்கட்டும். நீங்க யாரும் இந்தப் பக்கம் வரப்படாது."

ரூபன் கத்தினான். அம்மா, வேண்டாம்மா, அவர் சொல்வது பொய் என்று சொந்தக் குரலில், தொண்டை கிழியக் கத்தினான். பேய் எவ்வளவு கெஞ்சினாலும் இரங்கக் கூடாது என்று ஆறுச்சாமி ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார் போலும். மொபெட் கிளம்பிப் போகும் சத்தம் தோட்டத்துக்கு அப்பால் தேய்ந்தது. அம்மாவும் அக்காவும் அதன் பின்னாலேயே நடந்திருப்பார்கள்.

ஆறுச்சாமி உள்ளே வந்து கதவைத் தாழிட்டார். சாட்டையை மூலையில் வீசினார். கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை. ரூபனுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"போன நோம்பியில சாமி எம்மேல வந்து எறங்குச்சுங்க. பாதியிலேயே எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. மிச்ச அருள்வாக்கைக் கைச்சாடையில சொன்னேன், சனம் அத்தனையும் சிரிச்சுப்போட்டுது."

அவர் இரண்டு கைகளையும் அடிவயிற்றில் வைத்துக்கொண்டார்.

"மூச்சை எங்கிருந்துங்க தள்ளோணும், வாத்தியாரே?"