மூன்றாவது ஊசி

சின்னதுரையின் இடது சிறுநீரகத்து நீர்க்கட்டிக்குள், ஸ்கேன் திரையைப் பார்த்தபடி டாக்டர் மூன்றாவது முறையாக ஊசியை இறக்கினார். இரண்டு முறை உறிஞ்சியும் மறுபடி ஊறிவிட்ட எரிச்சல் அவருக்கு. குப்புறப் படுத்திருந்தவனின் போன் அடித்தது. வடக்கனந்தலிலிருந்து மனைவி நிர்மலா.

"இன்னாய்யா, நீ ஆஸ்பத்திரிக்குப் போனாலே நம்ம கெணறு வத்திப்போவுது! இப்பவும் மோட்டாரு வெறுங்காத்த இழுத்துக்கினு இருக்குது. மரவள்ளி அத்தினியும் காயுது."

"நீ வேற! வலியில உயிரு போவுது, போன வையி."

அவன் முகத்துக்கு நேரே, ஊசிக்குழாய் வடிந்த குடுவை தெளிந்த நீரால் நிறைந்தது. அதில் ஒரு துணுக்குப் பாசி மிதந்தது. பல மாதங்களுக்குப் பிறகு முழுமூச்சு விட்டான்.

"இந்தத் தடவை உள்ளே ஆல்கஹால் ஏத்திப் பையை ஒட்ட வச்சிடுறேன். ஜென்மத்துக்கும் ஊறாது. ஏத்தட்டுமா?" என்றார் டாக்டர்.

போன் மறுபடி அடித்தது. சின்னதுரை அதை அணைத்தான்.

"ஏத்துங்க சார்."