அரை ஆயுள்

இட்லி வைத்த தட்டை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, ரகு படுக்கையறைக் கதவை லேசாகத் தட்டினான். உடனே ஆறடி தள்ளிப் போய் நின்றுகொண்டான். உள்ளே இருந்தது அவன் மனைவி கிருத்திகா.

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பாஞ்சாலிக்குப் பொறுக்கவில்லை. ஜோகுபாளையத்திலிருந்து வந்து வேலை செய்கிறவள். மனசில் பட்டதைக் கேட்டுவிடுவாள்.

“இன்னா சார், கட்டின பொண்டாட்டிக்கு நாய்க்கு வெக்கற மாரி வெக்கிறீங்க? ஆஸ்பத்திரிலேர்ந்து நேத்துதானே வந்தாங்க?”

நியாயமான கோபம்தான். ரகு அவள் பக்கம் திரும்பினான்.

“வேணும்னேவா செய்யறேன்? தைராய்டுல கேன்சர். ஆபரேஷனுக்கு அப்புறம் மிச்சம் இருக்கறதை அழிக்க அயோடின் குடுத்திருக்காங்க.”

“உப்புல போடுவாங்களே, அதுவா?”

“அதேதான். ஆனா உப்புல இருக்கறது சாது. இதோட அணுக்கருவுல நாலு நியூட்ரான் ஜாஸ்தி. நிலையா இருக்க முடியாம கதிரை வீசிட்டு வேற பொருளா மாறிடும். அப்புறம்தான் அடங்கும். கிட்டப் போனா அந்தக் கதிர் நம்ம மேலயும் படும்.”

“எல்லாம் எப்ப சார் அடங்கும்?”

“எட்டு நாள்ல பாதி. அடுத்த எட்டு நாள்ல மிச்சத்துல பாதி. அரை ஆயுள்னு சொல்வாங்க. உடம்புலேர்ந்தும் வெளியே போயிட்டே இருக்கும். பதினஞ்சு நாள் தள்ளி இருந்தா போதும்னார் டாக்டர். அதுவரைக்கும் அவ தட்டு, டம்ளர் எல்லாம் தனி. வைக்க இடம் இருக்கா?”

“இருக்கு சார்.”

ரகு ஆபீஸ் கிளம்பியதும் கதவுக்குப் பின்னால் விசும்பல் கேட்டது.

“பாஞ்சாலி, தனித் தட்டு, தனி டம்ளர்... தொட்டாலே பாவம்ங்கற மாதிரி ஒதுக்கி வச்சிருக்காங்களே. இதுக்கு நான் செத்தே போயிருக்கலாம்.”

பாஞ்சாலிக்கும் கண் கலங்கிவிட்டது.

“அப்டில்லாம் சொல்லாதீங்கம்மா. எண்ணிப் பதினஞ்சே நாளு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்.”

ஓடித்தான் போயிற்று. பதினாறாம் நாள் காலை, கிருத்திகா தலைக்குக் குளித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

“பாஞ்சாலி, என் டம்ளரைக் கழுவி எங்க டம்ளரோட சேர்த்து வச்சிடு. இன்னிலேர்ந்து நானும் மனுஷி!”

பாஞ்சாலி பால்கனிக்குப் போனாள். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இரண்டு டம்ளர்கள் இருந்தன.

ஒன்றைக் கழுவி உள்ளே கொண்டு போனாள். இவளுக்கென்று கிருத்திகா ஒதுக்கிக் கொடுத்த இன்னொன்று, ஒன்பது வருஷமாக இருக்கும் இடத்திலேயே இருந்தது.