கரண்ட் நின்றால் மெசேஜ் வரும்

காற்றில் மோட்டார் ஷெட்டின் இரும்புக் கதவு அறைந்து சாத்திக்கொள்ள, வெளித் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. உள்ளே மெக்கானிக் பிரிட்டோவும் மோட்டாருக்குச் சொந்தக்காரரான சிங்கவரம் கந்தசாமியும்.

"நாலு மணிக்கு எனக்கு நிச்சயதார்த்தம்ணா! போனு வெளிய பைக்ல கெடக்குது!" என்று அலறினான் பிரிட்டோ.

"என்னுது வூட்ல. இப்ப இன்னா பண்றது?"

சற்றுமுன் தான் மாட்டிய சிம்கார்டு பெட்டியைப் பார்த்தான் பிரிட்டோ.

"கரண்ட் நின்னா இது உங்க போனுக்கு மெசேஜ் அனுப்பும்ணா. பாத்துட்டு உங்க பையன் ஓடியாந்துடுவான்!"

பியூஸைப் பிடுங்கினான். வெளியே பைக்கில் 'டிங்' என்றது.

"மாப்பிள்ளையைக் காணோம்னு கல்யாணப் பொண்ணு விமலா தேடுறா!" என்றான் பிரிட்டோ.

பியூஸை மாட்டி மறுபடி பிடுங்கினான். 'டிங்'. மறுபடியும். 'டிங்'.

ஷெட் அடுப்பாய்க் கொதித்தது. யாரும் வரவில்லை.

"ஏம்பா," என்றார் கந்தசாமி, "நீ பியூஸைப் புடுங்குனாதான் அந்தப் பொண்ணு தேடுதா?"

பிரிட்டோ பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். சோதித்துப் பார்க்கப் பெட்டியில் போட்ட தன் நம்பரை அவன் இன்னும் மாற்றவே இல்லை.