மூச்சுப் பை

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட வேலாண்டிக்குத் தானாக மூச்சு வரவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷின் ஒன்று காலியாகும்வரை, அவன் வாயில் செருகிய குழாயோடு இருந்த ரப்பர் பையை அவன் மனைவி பேச்சியம்மாள்தான் அமுக்கிக்கொண்டிருந்தாள். “உங்க மூச்சு எப்படிப் போகுதோ அப்படியே அமுக்குங்க” என்று காலையில் நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். இவள் இழுத்தால் அவனும் இழுத்தான், இவள் விட்டால் அவனும் விட்டான். கட்டிலுக்கடியில் அவனுடைய ஒற்றைச் செருப்பு கிடந்ததைப் பார்த்ததும் இவளுக்கு விம்மல் வந்தது. பையை அமுக்கிய கையும் கூடவே வேகமாக ஓடியது. நர்ஸ் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். “வேகமா அமுக்கினா மூளைக்குப் போற ரத்தம் குறைஞ்சிரும்க்கா. அழணும்னா யார்ட்டயாவது குடுத்துட்டுப் போய் அழுங்க.”

யார் இருக்கிறார்கள் கொடுக்க? அதன்பிறகு அவள் செருப்பையும் பார்க்கவில்லை, அவன் முகத்தையும் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரின் காரை பெயர்ந்த இடத்தைப் பார்த்தபடி அமுக்கினாள். விரல்கள் மரத்துப்போய், தோள் தன்னுடையதில்லை என்று ஆகிவிட்டது.

மத்தியானம் வேலாண்டியின் அக்கா மாரில் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். “என் தம்பி இப்படிக் கெடக்கான். இவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இருக்கா பாருங்க” என்று வார்டுக்கே கேட்கும்படி சொல்லி, தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு, “இங்க குடு, நான் அமுக்குதேன்” என்று கையை நீட்டினாள்.

பேச்சியம்மாள் அவளுடைய ஏறி இறங்கும் நெஞ்சைப் பார்த்தாள். பையை விடவில்லை.

“நீங்க மொதல்ல அழுது முடிங்க மதினி. அப்புறம் இதப் பிடிங்க. நானும் போயி அழணும்.”