வக்கீல் போட்ட பாதை

வக்கீல் தான் போட்ட பாதையிலேயே வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் செல்போன், தோளில் சைக்கிள், முழங்கால் வரை ஓடைத் தண்ணீர்.

செல்போன் வரைபடத்தில் சிவப்புக் கோடு ஓடைக்குள் இறங்கி, அங்கேயே இருபது நிமிடம் நின்றுவிட்டு, அக்கரை ஏறியது. கோட்டுக்கு மேலே அவர் பெயர் பளிச்சென்று இருந்தது. அவர் இந்தப் பக்கம் வருவதோ இதுதான் முதல் தடவை.

மலைக்காட்டுச் சரளைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் சங்கம், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி கொடுத்திருந்தது. சைக்கிளில் மாட்டிக்கொண்டால் போன இடமெல்லாம் கோடு போட்டுச் சங்கத்தின் வரைபடத்துக்கு அனுப்பிவிடும். வெயில் பட்டால் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். யார் கருவி கோடு போட்டதோ, அவர் பெயரில் பாதை.

இரண்டு மாதம் முன்பு ஓர் இறக்கத்தில் வக்கீல் குப்புற விழுந்ததில் கருவி எங்கோ தெறித்துப் போனது. அதைச் சொன்னால் விழுந்த கதையையும் சொல்ல வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் சங்கச் செயலாளரிடமிருந்து போன் வந்தது.

"என்ன சார், காட்டுக்குள்ள இப்படிப் புகுந்து புறப்பட்டிருக்கீங்க. இந்த வழியெல்லாம் எங்க யாருக்குமே தெரியாதே."

யாரோ கருவியைக் கண்டெடுத்து மாட்டிக்கொண்டு சுற்றுகிறான் என்று வக்கீலுக்குப் புரிந்துவிட்டது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருடத்தில் எந்த நீதிபதியும் அவரை அப்படி மெச்சியதில்லை. ஏதோ நம்மால் முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு தினம் ஒரு கோடு. வழக்கே வராத வக்கீல் என்பதால், பகல் முழுக்கக் காட்டில் இருக்கிறார் என்பதை யாரும் சந்தேகிக்கவில்லை. அவர் ஆபீஸில் திரைச்சீலையை இழுத்துவிட்டு மேஜைமேல் தலைவைத்துத் தூங்கினார். சாயங்காலம் டயரில் கொஞ்சம் சேறு பூசிக்கொண்டு வீட்டுக்குப் போவார். இவ்வளவு அலைந்தும் தொப்பை குறையவில்லையே என்று மனைவி மட்டும் கேட்டாள்.

எட்டு வருடமாகச் சங்கத் தலைவராக இருந்த பல் டாக்டருக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் போக ஒரு மனுஷனுக்குப் பத்து மணி நேரமா என்று கூட்டத்தில் கேட்டார். மலையை அவசரமாகப் பார்க்கக் கூடாது என்று வக்கீல் ஒரு போடு போட்டார். அதைச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதியே வைத்துவிட்டார்கள். பல் டாக்டரை இறக்கிவிட்டு இவரைத் தலைவராக்கியும் விட்டார்கள்.

பல் டாக்டர் லேசுப்பட்டவரா? புதுத் தலைவரே முன்னால் ஓட்டி, இந்தப் பாதையை எல்லோருக்கும் காட்டட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்துவிட்டார். நாளைக்கு இருபத்திரண்டு சைக்கிள்கள் வக்கீல் பின்னால் வரும். இன்றைக்குள் அந்த ஆளைக் கண்டுபிடித்துக் காலைப் பிடிக்காவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

ஓடையைத் தாண்டியதும் கோடு சரளைப் பாதையை விட்டு விலகிப் புல்மேட்டில் ஏறியது. வேலி உடைந்த இடமாகப் பார்த்து நுழைந்தது. வக்கீல் சைக்கிள்மேல் ஏறி வந்ததைவிட, சைக்கிள் அவர்மேல் ஏறி வந்த தூரம்தான் அதிகம்.

ஒரு பெரிய மரத்தடியில் கோடு பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை அசையாமல் கிடந்தது. வக்கீலும் மூச்சு வாங்க அங்கே உட்கார்ந்தார். நிழல் பிரமாதமாக இருந்தது. இந்த ஆள் பேருக்கும் புகழுக்கும் ஓட்டுகிறவன் இல்லை, ஏதோ ஒரு ஞானி என்று தோன்றியது. தான் இதுவரை பெருமைப்பட்ட ஒரே விஷயம், இன்னொருத்தர் பாடுபட்டது என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

எல்லாக் கோடுகளும் காலையில் புறப்பட்ட இடத்துக்கே மாலை ஐந்தரைக்குள் திரும்பிவிடும். அந்த இடம் காட்டோரம் ஒரு தகரக் கூரை வீடு. வாசலில் ஓர் அம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வக்கீல் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, இத்தனூண்டு கருவி என்று விரலால் அளவு காட்டி விசாரித்தார்.

"அது உங்களுதா? ரோட்டோரம் கெடந்துச்சு. அவகிட்டதான் இருக்கு, வந்ததும் கழட்டித் தர்றேன்."

அவளா? வக்கீலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் தனியாகவா போகிறாள் என்று கேட்டார். கூட ஆள் போனால் அவளுக்குப் பிடிக்காது என்றும், நாலு பெற்றும் ஆள் இன்னும் அசரவில்லை என்றும் அம்மாள் பெருமையாகச் சொன்னாள்.

நாலு பெற்றவள்! வக்கீல் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். இரண்டு மாதப் பொய்யையும் அந்த வாசலிலேயே கொட்டித் தீர்த்தார். கோர்ட்டில்கூட அவர் இவ்வளவு நேரம் விடாமல் பேசியதில்லை.

"நாளைக்கு அவங்களே முன்னாடி போகட்டும்மா. நான் எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிடறேன். தலைவர் பதவியையும் அவங்களுக்கே கொடுத்துடறேன்" என்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மனசு லேசாகியும் இருந்தது.

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கழுவிய வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"கேட்டுப் பாருங்க. பால் கறக்கற நேரம், இப்ப வந்துடுவா."