எலி கடித்த ரேடியோ

"இந்தக் கம்பியோட முனையைக் கொஞ்சம் பாருங்க தம்பி. என்னமோ இடிக்குது."

மேனேஜர் கடையின் கண்ணாடி மேஜைமேல் ரேடியோவைக் கவிழ்த்து வைத்தார். பளிச்சென்று சவரம் செய்த முகம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷம் ஒன்றாகியும் தெருவுக்கு அவர் மேனேஜர்தான். உதிரிபாகக் கடைக்காரருக்கோ வாரம் தவறாத வாடிக்கையாளர். போன வாரம் டார்ச் லைட்டுக்கு, அதற்கு முன் மேஜை விளக்குக்கு என்று சன்னக் கம்பி வாங்கிப்போய், ஈயம் வைத்துத் தானே பற்றவைத்துவிடுவார்.

கடைக்காரர் பார்த்தார். ஸ்பீக்கருக்குப் போகும் கம்பி துண்டாகி, முனை நசுங்கித் தட்டையாக இருந்தது.

முந்தாநாள்தான் மேனேஜரின் மனைவி இதே மேஜை முன்னால் நின்று கேட்டிருந்தார்.

"தம்பி, ரேடியோல எந்தக் கம்பிய வெட்டினா ரொம்பக் கெடாது?"

"எதுக்குக்கா வெட்டணும்?"

"ரிட்டயர் ஆனதுலேருந்து மனுஷன் சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. பக்கத்துல போகவே பயமா இருக்கும். அப்பதான் காலிங் பெல் தானாக் கெட்டுது. உங்ககிட்ட கம்பி வாங்கிட்டு வந்து ஒட்டினாரு. அன்னிக்குக் குளிக்கும்போது பாடினாரு தம்பி! எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதுக்கப்புறம் பாருங்க, வீட்ல ஒரு சாமான் கெடமாட்டேங்குது. நான்தான் கெடுத்துக்கிட்டிருக்கேன்."

ஸ்பீக்கர் கம்பி என்று சொல்லிக்கொடுத்தவர் கடைக்காரரேதான். "நகவெட்டி போதுமில்ல?" என்று கேட்டுக்கொண்டு படியிறங்கிய அந்தம்மா, திரும்பி வந்து, "அவருக்குத் தெரிஞ்சா போச்சு. மறுபடி சுவர்தான்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"என்னவா இருக்கும்?" என்றார் மேனேஜர்.

"எலி சார்."

"எலியா?"

"சன்னக் கம்பின்னா எலிக்கு உசிரு."

"பின்மூடியில நாலு ஸ்க்ரூவும் டைட்டா இருந்துச்சே. கடிச்சிட்டு எலியே மாட்டிடுச்சா?"

கடைக்காரர் ரேடியோவைத் திருப்பி முன்பக்கத்தைக் காட்டினார்.

"குட்டி எலியா இருக்கும் சார். ஸ்பீக்கர் ஓட்டை வழியாப் பூந்திருக்கும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவர் ஒரு முழு எலியை ரேடியோவுக்குள் மறைத்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகம் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுமோ என்று கடைக்காரர் பயந்தார்.

"அப்போ டார்ச் லைட்டையும் எலிதான் கடிச்சிருக்கணும்" என்றார் மேனேஜர்.

"பெரிய குடும்பமா இருக்கும் சார்."

"ம்." மேனேஜர் ரேடியோவைப் பைக்குள் வைத்தார். "சரி, அதே கம்பி ஒரு சுருள் கொடுங்க. கொஞ்சம் ஈயமும்."

தப்பித்தோம் என்று கடைக்காரர் அவசர அவசரமாகக் கம்பியைப் பொட்டலம் கட்டினார்.

"அப்படியே கம்பி வெட்டற கட்டர் ஒண்ணு. இருக்கறதுலயே சின்னதா."

"போன மாசம்தானே சார் வாங்கினீங்க? அதுக்குள்ள மழுங்கிடுச்சா?"

"அது நல்லாத்தான் இருக்கு."

மேனேஜர் கட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையைக் குறுக்கிவைத்துப் பிடித்துப் பார்த்தார். ஒன்று பிடித்துப்போயிற்று.

"இது எலிக்கு, தம்பி. நகவெட்டியால வெட்டி வெட்டி, பாவம், அவளுக்குக் கட்டைவிரல் கன்னிப்போச்சு. நேத்துலேருந்து சுவர்க் கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருக்கா."