டர்பைனுக்கு முன்னால்

வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில், கனரகச் சரக்கு விமானத்தில் தொண்ணூறு டன் டர்பைனை ஏற்றும்போது சங்கிலி அறுந்து, தொழிலாளி சவரிராயன் நசுங்கிச் செத்தார். நான்கு நாள் கழித்து அதே டர்பைனும் அவருடைய சவப்பெட்டியும் ஒரே விமானத்தில் சென்னைக்குப் போக இருந்தன. சரக்கோடு கூடவே பறக்கும் சுமைப் பொறுப்பாளர் ஹிதாயத் பெட்டியை ஏற்றச் சொன்னபோது, மேலாளர் கோபிநாத் குறுக்கே வந்தார்.

“பொணம் அடுத்த வாரம் போகட்டும். அங்க மெஷினுக்கு மேளதாளத்தோட வரவேற்பு இருக்கு, மந்திரி வர்றார்.”

“சவரிராயன் சம்சாரம் நாலு நாளா பச்சத் தண்ணி குடிக்காம கிடக்காங்க சார்.”

“எடை கூடுதுன்னு எழுதிடு.”

ஹிதாயத் எடைத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “தொண்ணூறு டன் தூக்குற விமானத்துக்கு இந்த மனுஷன் பாரமா? என் கையெழுத்து இல்லாம இது நகராது.”

கோபிநாத் கடிகாரத்தைப் பார்த்தார். “எங்கயாவது மூலையில வை” என்று பல்லைக் கடித்தார்.

ஹிதாயத் மூலையில் வைக்கவில்லை. விமானத்தின் முன்புறம், சரக்கு இறங்கும் மூக்குக் கதவை ஒட்டி, டர்பைனுக்கு முன்னால், நட்டநடுவில் வைத்துத் தானே பட்டை போட்டு இறுக்கினார்.

சென்னையில் மூக்குக் கதவு மேலே எழுந்தபோது நாதஸ்வரம் பாதியில் நின்றது. ஓர் அதிகாரி ஓடி வந்தார். “இதை ஓரமாத் தள்ளுங்கப்பா, மெஷின் முதல்ல வரட்டும்!”

ஹிதாயத் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

“தள்ளிப் பாருங்க” என்றார்.